கிளியின் உணவு

கிளிக்கு விதைதான் உணவு என்ற எண்ணம் நம்மிடையே எவ்வாறு வேரூன்றியது? தமிழ் படித்தவர்களாகிய நமக்கும் இதிலே ஒரு பங்கு உண்டென்றே நினைக்கிறேன். சங்க இலக்கியத்துக் குறிஞ்சிப் பாடல்களில் கிளி வருமிடத்தெல்லாம் தினைப்புனமும் உடன்வரும். பரண்மீதிருந்து தட்டையும் குளிரும் ஒலித்துக் கிளியோட்டும் மகளிரைப்பற்றி வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆனால், அப்பாடல்கள் கிளியைப் புனங்காப்போரின் கண்களாலேயே காண்கின்றன. தினை முற்றும் அச்சில வாரங்கள் கழிந்தபின் கிளி எங்கே போயிற்று, எதனை உண்டது என்பது புனங்காப்போருக்கு வேண்டாத விடயம். உண்மையிலே பச்சைக்கிளி கனி, பூ, பூந்தேன், தளிர், பால்பிடித்த கதிர் எனப் பலவற்றைத் தேடி நாள்தோறும் நெடுந்தூரம் பறக்கும் பறவை. விதை அதன் உணவில் ஒரு பகுதி மாத்திரமே. பறந்து உழைக்கும் உடலுக்குக் கொழுப்பு மிகுந்த விதையும் பயன்படும். இரண்டடிக் கூட்டினுள் அடைபட்ட உடலுக்கு அதே விதை நோயாகிவிடுகின்றது.

இதனை எனக்கு உணர்த்தியது நூல் அன்று, அயல்வீட்டுக் கிளி. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமம் ஒன்றில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மறுபாதியில், எழுபத்தைந்து வயது கடந்த ஆச்சி ஒருவர் தனியே வாழ்கிறார். பிள்ளைகள் மூவரும் கடல்கடந்த நாடுகளில் இருக்கின்றனர். மாதந்தவறாது பணம் வரும். தொலைபேசியிலே குரல் வரும். உடனிருந்து உண்பதற்குத்தான் எவரும் வருவதில்லை. அந்த இடத்தை நிரப்பியது இராசா என்னும் பச்சைக்கிளி. பனைமரப் பொந்திலிருந்து குஞ்சாக எடுத்துவந்த எவரோ அதனை ஆச்சியிடம் கொடுத்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கடையில் வாங்கும் சூரியகாந்தி விதையும், காலை மாலை தேநீரில் நனைத்த பாணுமே அதன் உணவு. ஆச்சியின் உணவும் பெரும்பாலும் தேநீரும் பாணுந்தான். “ஒருத்திக்காக உலை வைக்கிறதோ, பிள்ளை?” என்பார்.

சென்ற ஆண்டு இராசா அடிக்கடி தும்மத் தொடங்கிற்று. மூக்குத் துளைகள் அடைபட்டன, இறகுகள் பளபளப்பிழந்தன, இருந்த இடத்தைவிட்டு அசையவும் மனமின்றிக் கிடந்தது. ஆச்சி உறக்கமின்றி இரண்டு இரவுகள் கூட்டருகே இருந்தார். மூன்றாம் நாள் நான் கூட்டைத் துணியால் மூடி, ஆச்சியுடன் முச்சக்கர வண்டியில் மிருக வைத்தியர் ஒருவரிடம் சென்றேன். அவர் அலகைத் திறந்து பார்த்தார். வாயினுள்ளே வெண்ணிறத் திட்டுகள் இருந்தன. நிறுத்துப் பார்த்தார், 142 கிராம் இருந்தது. “கொழுத்திருக்கிறது, ஆனால் பட்டினி கிடக்கிறது” என்றார்.

முரண்போல் ஒலிக்கும் இவ்வாக்கியத்தின் பொருள் எளிது. சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய அரைவாசி கொழுப்பு. மிகையான கொழுப்பு ஈரலிலே படிகின்றது. இரத்தக் குழாய்களையும் தடிப்பாக்குகின்றது. அதே வேளையில் விதையில் விற்றமின் ஏ மிகக் குறைவு, கல்சியமும் குறைவு. விற்றமின் ஏ போதாதவிடத்து வாய், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் உட்படலம் தன் மென்மையையும் ஈரத்தையும் இழந்து தடித்துப்போகின்றது. கிருமிகள் எளிதில் புகுகின்றன. தும்மலுக்கு மருந்து கொடுக்கலாம். தட்டு மாறாதவரை தும்மல் திரும்பவும் வரும். மருந்தும் கொடுத்து, உடல் தேறியபின் உணவை மெல்ல மாற்றும்படி வைத்தியர் கூறினார்.

ஆச்சி அதை ஏற்கவில்லை. “இவனுக்கு வேறொன்றும் பிடியாது. கூட்டுக்குள் என்ன போட்டாலும் காலால் தட்டிவிடுவான்” என்றார். அவர் கூறியது பொய்யன்று. ஆனால், ‘பிடிக்கும்’, ‘பிடியாது’ என்பவை எவ்வாறு தோன்றின என்பதையே நாம் கேட்கவேண்டும். காட்டுக்கிளி தன் குஞ்சுக்கு இது உணவு, இது உணவன்று என்பதைத் தானே உண்டு காட்டிக் கற்பிக்கின்றது. பொந்திலிருந்து பறித்தெடுக்கப்பட்ட குஞ்சுக்குக் கற்பித்தது மனிதனின் கை. அந்தக் கை அறிந்தது விதையும் பாணும். ஒன்பது ஆண்டுகள் ஒரே பாடம். கூட்டின் எல்லையைக் கிளியின் விருப்பமென நாம் பெயரிட்டு வைத்திருந்தோம்.

அந்தப் பாணின் கதையும் இவ்வாறானதே. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி தடைப்பட்டது. பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பிற்று. எங்கள் பாட்டன்மார் விரும்பிக் கேட்ட உணவன்று அது. கப்பலிலே வந்த உணவு. இன்றோ பாணின்றிக் காலை விடியாத வீடுகள் பல. குரக்கன் பிட்டைக் கண்டு முகஞ்சுளிக்கும் மாணவனைக் கேட்டால் “எனக்குப் பிடியாது” என்றே சொல்வான். அவனது நாவின் பின்னால் ஒரு போரும் ஒரு வாணிபமும் நிற்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

பழக்கத்தால் வந்ததைக் கட்டாயத்தால் போக்கலாமென எண்ணுவோரும் உளர். அயலில் உள்ள இளைஞர் ஒருவர், “நாலு நாள் விதையை நிறுத்துங்கோ ஆச்சி, பசித்தால் தானே தின்னும்” என்றார். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்னும் பழமொழியைப் புலியின் பெருமைக்குச் சான்றாகவே நாம் கற்பித்துவருகிறோம். கூட்டுக்கிளி பசித்தும் கீரையைத் தின்னாதிருப்பதில் பெருமை ஏதுமில்லை. அது உணவென்றே அதற்குத் தெரியாது. நிறைந்த தட்டின் முன்னே அது பட்டினியால் இறந்துபோகக்கூடும். சிறு பறவையின் உடல் நெடும்பசியைத் தாங்குவதன்று. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதை நம் விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். இயற்கை உரம் நல்லதென்ற பேச்சில் பிழையில்லை. ஆனால், அந்நிலைக்குப் பழகாத மண்ணையும் அதற்கு ஆயத்தமில்லாத மனிதரையும் ஒரே பாய்ச்சலில் அங்கே தள்ளியபோது விளைச்சல் வீழ்ந்தது. நவம்பரில் தடையைக் கைவிடவேண்டியதாயிற்று. நல்லது என்பதால் மாத்திரம் எதனையும் எவர்மீதும் ஓரிரவிலே சுமத்திவிட முடியாது.

வைத்தியர் காட்டிய வழி பொறுமையானது. முதல் வாரம் உணவில் எந்த மாற்றமும் இல்லை. சமையலறை இலத்திரனியல் தராசின்மேல் ஒரு குச்சியைப் பொருத்தி, காலை உணவுக்கு முன் இராசாவை நிறுக்கப் பழக்கினோம். நிறையை நாட்காட்டியில் எழுதிவந்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து, பசியோடிருக்கும் காலைப்பொழுதில் ஒரு மணிநேரம் புதிய உணவு. அதன்பின் அளந்த விதை. விதையின் அளவு சிறிது சிறிதாகக் குறைந்தது. நிறை விரைவாக இறங்கினாலோ எச்சம் குறைந்தாலோ மீண்டும் விதையைக் கூட்டவேண்டும். தொடக்க நிறையில் பத்திலொரு பங்கு இழக்கும் நிலைக்கு விடவே கூடாது என்பது அவரது கண்டிப்பு. நான்காம் வாரத்தில் இரண்டு நாட்களுக்குள் 6 கிராம் குறைந்தபோது உடனே ஒருபடி பின்வாங்கினோம். பின்வாங்குவதும் முறையின் ஓர் அங்கமே.

முளைவிட்ட பயறு விதைக்கும் காய்கறிக்கும் இடையே ஒரு பாலமாயிற்று. அவித்த பூசணித் துண்டிலே சில விதைகளைப் புதைத்து வைத்தோம். விதையைத் தோண்டும் அலகிலே பூசணியும் ஒட்டிற்று. முற்றாக விரும்பி ஏற்றுக்கொண்ட முதற் பொருள் சிவந்த மிளகாய். ஆச்சி பதறிப்போனார். மிளகாயின் காரம் பறவைக்கு உறைப்பதில்லை. காரத்தை உணரும் ஏற்பியைக் கண்டறிந்தமைக்காக 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் டேவிட் யூலியஸ். பறவையின் ஏற்பி அக்காரத்துக்கு அசைவதில்லை என்பதை அவரும் அவருடைய சகஆய்வாளரும் 2002இல் காட்டினர். நமக்குக் கண்ணீர் வரவழைப்பது கிளிக்கு விற்றமின் ஏ தரும் இனிய கனி.

ஆயினும் கீரையை அது தொடவில்லை. நான் நீட்டிய முருங்கையிலையைக் கவ்வி எறிந்தது. பொன்னாங்காணியைக் காலால் தள்ளிற்று. வைத்தியரிடம் கேட்டேன். “கிளி கூட்டமாக உண்ணும் உயிர். அதன் கூட்டம் யார்?” என்று திருப்பிக் கேட்டார். அதன் கூட்டம் ஆச்சிதான். ஆச்சியோ பாண் உண்கிறார். அப்படியிருக்க அது ஏன் கீரை உண்ணவேண்டும்?

இதனை ஆச்சியிடம் சொல்வதற்கு எனக்குத் தயக்கமாயிருந்தது. எழுபத்தைந்து வயதான ஒருவரிடம் அவருடைய தட்டைப்பற்றி நான் பேசலாமா? ஆனால், அவர் சிறிது நேரம் கிளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப நான் தின்ன வேணும் எண்டுறியள்” என்றார். மறுநாள் காலை வேலியோர முருங்கையில் இரண்டு கொப்பு முறித்து, எண்ணெயும் உப்பும் சேராமல் கிளிக்கு ஒரு பிடியை எடுத்து வைத்துவிட்டு, தனக்குத் தேங்காய்ப்பூப் போட்டு வறைசெய்தார். கூட்டருகே கதிரையிட்டு அமர்ந்து உண்டார். பதினோராம் நாள் இராசா ஓர் இலைக்காம்பை ஒரு காலிலே பிடித்து மெல்லக் கொறித்தது. ஆச்சி என்னை உரத்துக் கூப்பிட்டார்.

இன்று ஐந்து மாதங்கள் ஆகின்றன. நிறை 130 கிராமில் நிற்கின்றது, தும்மல் இல்லை. முருங்கையிலை, கரட், பூசணி, பப்பாசிப்பழம், முளைப்பயறு ஆகியவையே அன்றாட உணவு. இவற்றுடன், கல்சியத்துக்காகக் கரையோரத்தில் பொறுக்கிக் கழுவி உலர்த்திய கணவாய் ஓடு, காலை இளவெயில். பிற நாடுகளில் சத்துகளைச் சமப்படுத்தித் தயாரிக்கும் தீனை வைத்தியர்கள் பெரிதும் பரிந்துரைக்கிறார்கள். நம் கிராமத்துக் கைக்கு அதன் விலை எட்டுவதில்லை. ஆனைக்கொய்யாவும் சொக்கலேற்றும் கிளிக்கு நஞ்சு என்பதை வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். சூரியகாந்தி விதை முற்றாக ஒழிந்துவிடவில்லை. மாலையில் ஐந்தாறு விதைகளை ஆச்சி தம் கையாலே கொடுக்கிறார். அதைப் பறிக்கவேண்டிய தேவையும் இல்லை.

இதை ஒரு வெற்றிக் கதையாக முடித்துவிட நான் விரும்பவில்லை. கூடு இன்னும் கூடாகவே இருக்கின்றது. ஒன்பது ஆண்டுகள் பறவாத சிறகை இன்று வானிலே விட்டால் அது மாலைவரை உயிர்தப்பாது. ஆகவே அதன் சிறையை நல்ல சிறையாக்கியிருக்கிறோம். அதற்குமேல் எதுவும் செய்துவிடவில்லை. அடுத்த பங்குனியில் பனம்பொந்தைத் தேடி ஏணியோடு போகும் சிறுவர்கள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். குறிஞ்சித் திணை நடத்தும் நாளில் அவர்களுக்கு இராசாவின் நிறை எழுதிய நாட்காட்டியைக் காட்டுவதாக இருக்கிறேன். ஒரு குஞ்சு பொந்திலிருந்து இழந்ததில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு முதியவரும் ஓர் ஆசிரியரும் ஒரு வைத்தியரும் ஐந்து மாதங்கள் உழைக்க நேர்ந்ததென்பதை அந்த எண்களே அவர்களுக்குச் சொல்லும்.

ஆச்சியின் வீட்டில் இப்பொழுது நாள்தோறும் உலை கொதிக்கின்றது. “இவனுக்காகத்தான்” என்கிறார். அவர் அவ்வாறே சொல்லிக்கொள்ளட்டும்.