எம்.ஜி. என்றால் எம்.ஜி.ஆர். இல்லை

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனபோது சினிமாத் தொழிலின் வரவு செலவு பற்றி ஒரு ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தேன். நான்கு வாரம். கட்டணம் 1,800 ரூபாய். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. விஷயம் தெரிந்ததும் வகுப்பில் ஒரே கிண்டல். "ஏல, பி.காம். முடிச்சிட்டு டைரக்டர் ஆகப் போறியா?" என்று கேட்காத ஆள் இல்லை.

டைரக்டர் ஆவதற்கு வேறு கோர்ஸ்கள் நிறைய இருக்கின்றன. புனே திரைப்படக் கல்லூரி 2017-ல் 'ஸ்கிஃப்ட்' என்ற பெயரில் குறுகிய காலப் படிப்புகளை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 2020 ஊரடங்கின்போது அதுபோன்ற படிப்புகள் ஆன்லைனுக்கும் வந்தன. நடிப்பு, திரைக்கதை, கேமரா என்று தேடினால் கிடைத்துக்கொண்டே இருக்கும். பணத்தைப் பற்றிச் சொல்லித் தருவது கொஞ்சம்தான். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். காரணம், என் சின்ன மாமா.

கோவில்பட்டியில் மாமாவுக்கு ஒரு சிறிய தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. (வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) 2011-ல் யாரோ சொன்னார்கள் என்று ஒரு சின்னப் படத்தை டி.கே. ஏரியாவுக்கு வாங்கினார். எட்டு லட்சம் ரூபாய். அதில் அம்மாவின் நகையை அடகு வைத்த பணமும் உண்டு. முதல் இரண்டு நாள் ஹவுஸ்புல். மாமா வீட்டுக்கு ஸ்வீட் வாங்கி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது எனக்கு ஏழு வயது. இரண்டாவது வாரம் படம் எந்தத் தியேட்டரிலும் இல்லை. அதன்பின் ஆபீஸ் போனது, நகை போனது, மாமாவும் திருப்பூருக்குப் போய்விட்டார்.

பணம் போனதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று வீட்டில் இருந்தது. "ஏழு லட்சம் வசூல்" என்று மாமாவே வாயால் சொல்லியிருந்தார். போட்டது எட்டு, வந்தது ஏழு. அப்படியானால் நஷ்டம் ஒரு லட்சம்தானே? மீதி எங்கே? யாரும் நேரில் கேட்கவில்லை. ஆனால் அம்மா தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். கல்யாண வீட்டில் பார்த்தால் "சாப்பிட்டியா", அவ்வளவுதான். பதினான்கு வருஷம்.

இனி கோர்ஸுக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் முதல் வாரம் மொக்கை. எல்லா உதாரணமும் ஹாலிவுட், இல்லாவிட்டால் மும்பை. டி.கே. ஏரியா என்றால் என்ன என்று நான் கேட்டேன், பதிலே வரவில்லை. நானே தேடிப் படித்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டைச் சினிமாக்காரர்கள் இன்றைய மாவட்டக் கணக்கில் பார்ப்பதில்லை. சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம், திருநெல்வேலி-கன்னியாகுமரி என்று பழைய ஜில்லாக் கணக்குத்தான். தூத்துக்குடி மாவட்டம் 1986-லேயே பிரிந்துவிட்டது. சினிமாவில் கோவில்பட்டி இன்னும் நெல்லைதான், அதாவது டி.கே. பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய சாத்தூர், எம்.ஆர். என்கிற மதுரை-ராமநாதபுரம். நடுவில் ஒரே கரிசல் காடு, ஆனால் வியாபாரி வேறு!

இரண்டாவது வாரம் ஒரு சொல் வந்தது. மினிமம் கேரண்டி. சுருக்கமாக எம்.ஜி.

நாம் மிக்ஸி வாங்கினால் கேரண்டி யார் தருவது? விற்பவர். கெட்டுப்போனால் அவர் பொறுப்பு. சினிமாவில் தலைகீழ். கேரண்டி தருவது வாங்குகிறவர். "படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு பணம் உங்களுக்கு" என்று விநியோகஸ்தர் தயாரிப்பாளருக்குத் தரும் உறுதி அது. ஓடாவிட்டால் நஷ்டம் முழுக்க வாங்கியவருக்கு. ஓடினால், எம்.ஜி.யும் செலவும் கழிந்து மிஞ்சும் லாபத்தில் தயாரிப்பாளருக்கும் பேசிய விகிதத்தில் பங்கு உண்டு.

வேறு வழிகளும் இருக்கின்றன. அட்வான்ஸ் முறையில் கொடுத்திருந்தால், வசூலில் ஈடாகாத தொகையைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும். கமிஷன் முறை என்றால் விநியோகஸ்தர் படத்தை வெளியிட்டுக் கொடுத்துச் சதவீதம் எடுத்துக்கொள்வார். பெரிய லாபம் இல்லை, ஆபீஸை விற்கும் நிலையும் வராது.

'பாபா' (2002) ஓடாதபோது ரஜினி நஷ்டத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். 'லிங்கா' (2014) வந்தபோது விநியோகஸ்தர்கள் 2015 தொடக்கத்தில் சென்னையில் உண்ணாவிரதமே இருந்தார்கள். எம்.ஜி. கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்பது, எதிராளி மனசு வைத்தால் நடக்கிற காரியம். மாமா வாங்கிய படத்தின் ஹீரோவை யாருக்கும் தெரியாது. யார் வீட்டு வாசலில் போய் உட்காருவது?

அன்று ராத்திரியே திருப்பூருக்குப் போன் போட்டேன். "மாமா, கேரண்டின்னா என்னன்னு நினைச்சு கையெழுத்துப் போட்டீங்க?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "குறைஞ்சபட்சம் இவ்வளவு வரும்னு அவங்க நமக்கு எழுதித் தர்றதா நினைச்சேன் மாப்ள."

எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மச்சுப்படிக்குக் கீழே கிடந்த மாமாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். இங்கிலீஷில் மூன்று பக்க ஒப்பந்தம், கூடவே ஒரு கட்டு டி.சி.ஆர். தியேட்டரில் ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை டிக்கெட், எவ்வளவு தொகை என்று எழுதும் தினசரி வசூல் தாள். அவற்றோடு பங்குக் கணக்கும் செலவுச் சீட்டும் இருந்தன. கால்குலேட்டரும் நோட்டுமாக உட்கார்ந்தேன். மூன்று வருஷம் பி.காம். படித்ததில் முதன்முதலாக ஒரு கணக்கை முடிக்கும்வரை எழுந்திருக்காமல் போட்டேன் :-)

மொத்த வசூல் 7,12,000. மாமா சொன்ன ஏழு லட்சம் இதுதான். ஆனால் இது டிக்கெட் கொடுத்த இடத்தில் வந்த காசு. இதில் தியேட்டர் பங்கும் வரியும் 3,66,000. மாமா கைக்கு வந்த ஷேர் 3,46,000. அதில் பிரிண்ட், போஸ்டர், பெட்டி கொண்டுபோன வண்டி, ஆள் கூலி எல்லாம் 1,30,000. எட்டு லட்சத்துக்கு ஈடாகத் திரும்பி வந்தது 2,16,000. நஷ்டம் 5,84,000.

வீட்டில் நினைத்துக்கொண்டிருந்த நஷ்டம் 88,000. வித்தியாசம் 4,96,000. தியேட்டர் பங்கு, வரி, செலவு மூன்றையும் கூட்டினால் அதே 4,96,000. ஒரு ரூபாய் உதைக்கவில்லை.

சினிமாக் காசு மேலிருந்து படிப்படியாக இறங்கும், கடைசிப் படியில் நிற்பவருக்கு மிஞ்சினால்தான் உண்டு என்று கோர்ஸில் அருவிப் படம் போட்டுக் காட்டினார்கள். நமக்கு அருவி எதற்கு? கோடை முடிந்து பெய்கிற முதல் மழையைக் கரிசலில் வெடிப்புதான் குடிக்கும். மேலே நிற்பவன் "நல்ல மழை" என்பான். 'வசூல்' என்ற சொல்லும் அப்படித்தான்.

அந்தக் கோர்ஸில் எனக்குப் பிடித்த உதாரணம் 'மந்தன்' (1976). ஷியாம் பெனகல் எடுத்த படம். குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள். படம் ஓடாவிட்டால் ஒரு ஆளுக்கு எவ்வளவு போகும் என்பது முதல் நாளே தெரியும். இரண்டு ரூபாய். மாமாவுக்கு அது தெரியாது. இப்போது பட வியாபாரத்தில் ஓ.டி.டி., டிஜிட்டல் கட்டணம் என்று புதுப்புதுச் சொற்கள் வந்துவிட்டன. உங்கள் வீட்டில் யாராவது பணம் போடப் போனால் மூன்று கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். ஓடாவிட்டால் யார் யாருக்குத் தர வேண்டும்? விளம்பரச் செலவு யார் தலையில்? வசூல் என்பது எந்தப் படியில் நின்று சொல்லும் தொகை?

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "தெரிஞ்சிருந்தாலும் வாங்கியிருப்பேன் மாப்ள. அப்போ அப்படி ஒரு ஆசை." இருக்கலாம். ஆனால் அம்மா நகையைத் தருமுன் அவளுக்கும் தெரிந்திருக்கும் அல்லவா?

நோட்டை அம்மாவிடம் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ அவன் எடுக்கலையாய்யா?"

"இல்லம்மா."

எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் அம்மா போனில் பேசுவது கேட்டது. சினிமா பற்றியோ பணம் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "செண்பகவல்லி அம்மன் பங்குனித் தேருக்கு வாரியாடா? பிள்ளைகளையும் கூட்டிட்டு வா" என்றாள்.

கோர்ஸ் சர்டிபிகேட் மெயிலில் வந்திருக்கிறது. இன்னும் பிரிண்ட் எடுக்கவில்லை. அந்த நோட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.