46 இன்ச் யாத்திரை

உங்கள் இடுப்பு 34 இன்ச்சுக்குள் அடக்கமா? பாக்கியசாலி சார் நீங்கள்! ரெடிமேட் கடைக்குள் நுழைந்து, பிடித்த கலரைத் தொட்டுக் காட்டி, "இதுல என் சைஸ் குடுங்க" என்று சொல்லிவிட்டு பில் போடப் போய்விடுவீர்கள். எங்கள் கதை வேறு. நாங்கள் கலரே பார்ப்பதில்லை. எந்தச் சட்டை உடம்புக்குள் நுழைகிறதோ, அதுதான் எங்களுக்குப் பிடித்த கலர்!

'நாங்கள்' என்றால் நானும் என் அக்கா மகனும். எனக்கு 42 இன்ச். பயலுக்கு 46. ப்ளஸ் டூ முடித்து பி.காம். சேர்ந்திருந்தான். காலேஜ் திறக்க எட்டே நாள். கைவசம் இருந்தது ஸ்கூல் யூனிஃபார்ம் பேண்ட்டும், என்னுடைய பழைய சட்டை இரண்டும். "நீயே கூட்டிட்டுப் போடா, உனக்குத்தான் அனுபவம்" என்று அக்கா சொல்லிவிட்டாள். என்ன அனுபவமோ!

தி.நகர் போனோம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை 2023-ல் திறந்தார்களே, 570 மீட்டர் ஆகாய நடைபாதை... அதிலேயே நடந்தோம். ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் நாங்கள் இறங்கினால் எங்களுக்கும் கஷ்டம், தெருவுக்கும் கஷ்டம்.

முதல் கடையில் சேல்ஸ்மேன் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போட்டுப் பாருங்க சார், துணி இழுத்துக் குடுக்கும்" என்றார். ட்ரயல் ரூமுக்குள் போனவன் பத்து நிமிஷம் வெளியே வரவில்லை. போட்ட டி-ஷர்ட் கழற்ற வரவில்லையாம். நான் உள்ளே போய் உதவலாம் என்றால், அந்த ரூமில் எங்களில் ஒருவர்தான் இருக்க முடியும்!

மூன்றாவது கடையில் நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை. அங்கிருந்த பணியாளர் அந்தக் கோடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "அண்ணே... 46 இருக்கா? இந்தத் தம்பிக்கு!" மாடி முழுக்கத் திரும்பியது. யாரோ இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எங்களைப் பார்த்துத்தானா என்பது தெரியாது. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

நம்பர்களிலும் குழப்பம். கம்பெனிச் சட்டைகள் பலவற்றில் 42 என்றால் கழுத்துப் பட்டி, சென்டிமீட்டரில். பேண்ட்டில் 42 என்றால் இடுப்பு, இன்ச்சில். ஒரே மனுஷனுக்கு மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு! பி.காம். படித்தவன் நான். பாலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் டாலி ஆகிப் பார்த்திருக்கிறேன். இது ஆகவில்லை.

"துணி எடுத்துத் தைக்கக் கூடாதா?" என்பீர்கள். டெய்லர் பதினைந்து நாள் கேட்டார். தவிர, எந்த டெய்லர் சார் டி-ஷர்ட் தைக்கிறார்? பதினெட்டு வயசுப் பையன் மற்ற பையன்கள் போடுவதைத்தானே போட ஆசைப்படுவான்?

சாயங்காலம் ஓட்டலில் உட்கார்ந்தோம். "காபி மட்டும் போதும்" என்றான். நாலு தோசை சாப்பிடுகிறவன்! கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "நான் காலேஜ் போகலை மாமா. கரஸ்ல படிச்சுக்கறேன்" என்றான்.

எனக்குக் காபி இறங்கவில்லை. என் காலேஜ் மூன்று வருஷமும் கடைசி பெஞ்சில், நோட்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடியே கழிந்தது. அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "புதன்கிழமை திருப்பூர் போறோம்டா" என்றேன்.

காலையில் கோவை எக்ஸ்பிரஸ். மதியம் திருப்பூர். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், 1932-ல் கொடியோடு அடிபட்டு உயிர்விட்ட குமரனின் நினைவிடம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் காதர்பேட்டை. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மிஞ்சியது, ஆர்டர் கேன்சல் ஆனது, சின்னக் குறை என்று ஒதுக்கியது எல்லாம் வந்து சேருகிற இடம். சந்து சந்தாகக் கடைகள். வாசலிலேயே குவியல் குவியலாக பனியன் துணி.

"வாங்க தம்பி, உள்ளே வாங்க" என்றார் ஒரு கடைக்காரர். பையனை ஏற இறங்கப் பார்க்கவில்லை. த்ரீ எக்ஸ்எல், ஃபோர் எக்ஸ்எல் என்று எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"மெட்ராஸ்ல எங்கேயும் கிடைக்கலையே?" என்றேன்.

"கடைக்காரங்க செட்டாத்தானுங்க வாங்குவாங்க. எஸ் ஒண்ணு, எம் ரெண்டு, எல் ரெண்டு, எக்ஸ்எல் ஒண்ணு. அதுக்கு மேல சைஸ் போனா துணி நிறையப் பிடிக்கும். விலை ஏத்தினா சண்டைக்கு வருவாங்க. விக்கலைன்னா கடையிலயே தூங்கும். அதான் எடுக்கறதில்லீங்க. இதெல்லாம் வெளிநாட்டு ஆர்டருங்க. அங்கத்த ஆளுங்க அளவு. அவங்க வேண்டாம்னுட்டாங்க, நம்ம தம்பிக்கு ஆச்சு!"

இத்தனை நாள் தப்பு எங்கள் உடம்பில் என்றே நினைத்திருந்தேன். தப்பு செட்டில் சார்! நம் ஊர்க் கடையில் இல்லாத அளவு, நம் ஊர்க்காரர்கள் தைத்த துணியிலேயே இருக்கிறது. கப்பலேறத் தவறியதால் எங்களுக்குக் கிடைத்தது.

ட்ரயல் ரூம் கிடையாது. துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. பையன் கருநீல டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு அதன்முன் நின்றான். இந்தப் பக்கம் திரும்பினான். அந்தப் பக்கம் திரும்பினான். முகத்தில் ஏதோ குழப்பம். போச்சுடா, இதுவும் சரியில்லையா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"என்னடா?"

"மாமா... கொஞ்சம் லூசா இருக்கு" என்றான். பிறகு கடைக்காரரைப் பார்த்து, அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கேட்டான்:

"அண்ணா, இதைவிடச் சின்ன சைஸ் இருக்கா?"