ஊசுட்டேரி முதல் பாகூர் ஏரி வரை

என் நாத்தனார் மகள் பாரிஸில் இருக்கிறாள். புதுச்சேரிக் குடும்பங்களில் பாதிக்கு அப்படி ஒருவராவது இருப்பார்களே! போன கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு இங்கிலாந்து போய், அங்கே விண்டர்மியர் என்ற ஏரியில் படகில் சுற்றியதைப் படம் படமாக என் போனுக்கு அனுப்பியிருந்தாள். பச்சைக் குன்று, கரையில் செம்மறி ஆடு, கண்ணாடி மாதிரித் தண்ணீர். அத்தைக்குக் காட்டினேன்.

அத்தை என்றால் என் மாமியார். எண்பது வயது. மாமா தவறிப்போய் ஆறு மாதமாகியிருந்தது. அதிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை, இரண்டு வாய் சாப்பிட்டால் போதும் என்று எழுந்துவிடுவார். டாக்டரோ "உடம்பில் ஒன்றுமில்லை" என்றுவிட்டார். அன்று போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தவர், "நம்ம ஏரி இந்த வருஷம் நெறஞ்சிதாம்மா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ரெட்டியார்பாளையத்தில் இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர். அதற்கு மேல் யோசித்ததில்லை. "பொங்கல் கழியட்டும் அத்தை, போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றேன்.

தை பிறந்து இரண்டாவது ஞாயிறு, எலுமிச்சம் சாதம், தயிர் சாதம், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அத்தைக்கு மடக்கு நாற்காலி எல்லாம் எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் கிளம்பினோம். அவர் டிரைவர் பக்கத்தில். அத்தையும் நானும் என் மகளும் பின்னால்.

முதலில் பக்கத்திலேயே இருக்கும் முத்திரையர்பாளையம். ஆயி குளத்தை அத்தைதான் பார்க்கவேண்டும் என்றார். கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கிருஷ்ணதேவராயர் காலத்தில், அந்தி வேளையில் விளக்குகள் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்து அரசர் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து, இடிக்கச் சொல்லிவிட்டார். ஆயி அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. தானே வீட்டை இடித்து அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டிவிட்டாள். (அரசர் இல்லை, உழவர்கரைக்கு வந்த மந்திரிதான் கும்பிட்டார் என்றும் சொல்வார்கள். யார் கும்பிட்டாலும் இடிபட்டது அவள் வீடுதான்!)

கடற்கரைப் பக்கமிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு நல்ல குடிநீர் இல்லாமல், மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி காலத்தில் (1852-1870) முத்திரையர்பாளையத்து ஊற்று நீரைத்தான் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆயியின் கதையைக் கேட்ட சக்கரவர்த்தி அவளுக்காகக் கட்டச் சொன்னதுதான், கவர்னர் மாளிகைக்கு எதிரே பாரதி பூங்காவில் நிற்கும் வெள்ளை ஆயி மண்டபம். இன்று புதுச்சேரி அரசின் சின்னமே அதுதான். ரேஷன் கார்டில் பார்த்திருந்தும் என் மகளுக்கு அது தெரியாது. நானும் சொன்னதில்லை.

அங்கிருந்து மேற்கே ஊசுட்டேரி. கரை ஏறியதும் என் மகள் "அம்மா, கடலா?" என்றாள். கிட்டத்தட்ட 800 ஹெக்டேர் பரப்பு. அந்த விண்டர்மியர்தான் இங்கிலாந்திலேயே பெரிய ஏரியாம், ஆனால் ஊசுட்டேரி பரப்பில் அதன் பாதிக்கு மேலேயே வரும். ஆழத்தில் மட்டும் போட்டி போட முடியாது. அது பனிப்பாறைகள் நகர்ந்து குடைந்த பள்ளம், இருநூறு அடிக்கு மேல் ஆழம். நம்முடையது மனிதர்கள் மண் சுமந்து கரை கட்டி, ஓடுகிற நீரை நிறுத்தி வைத்தது. வீடூர் அணைப் பக்கமிருந்து சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது.

ஏரியில் பாதி புதுச்சேரிக்கு, மீதி தமிழ்நாட்டுக்கு. புதுச்சேரி தன் பகுதியை 2008லும், தமிழ்நாடு தன் பகுதியை 2015லும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. கார்த்திகை முதல் மாசி வரை பறவைகள் கூடும் காலம். நாங்கள் பார்த்தது கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கறுப்புக் கறுப்பாக மிதந்த நாமக்கோழிகள், கழுத்தை மட்டும் பாம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பாம்புத்தாரா. பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது, கரையில் எல்லா இடத்திலும் நிழல் கிடையாது. மதகுப் பக்கம் படியில் பாசி வழுக்கும், பிள்ளைகள் கையை விடவேண்டாம்.

அத்தை எல்லாம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம ஏரி இல்ல" என்றார்.

அவருடைய ஏரி பாகூர். வில்லியனூர் போய், சங்கராபரணியைத் தாண்டி, கரிக்கலாம்பாக்கம் வழியாகத் தெற்கே இறங்கினோம். வழியெல்லாம் பச்சை வயல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சும்மாவா சொன்னார்கள்! நடுநடுவே தமிழ்நாட்டுக் கிராமம், மறுபடி புதுச்சேரிக் கிராமம். அத்தைக்குத் திடீரென்று பேச்சு வந்துவிட்டது. சின்ன வயதில் கடலூரிலிருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனால் எல்லையில் சுங்கக்காரர் துணி மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பாராம். 1954ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியபோது அவருக்கு ஒன்பது வயது. "ஆளுக்குத்தான் சோதனை, தண்ணிக்கு இல்ல. ஆத்துத் தண்ணி அந்தப் பக்கத்துலேர்ந்துதான வந்துது!" என்று சிரித்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்.

அவர் சொன்னது சரிதான். தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரி நிரம்புகிறது. சிங்காரி, பங்காரி என்று இரண்டு சகோதரிகள் தங்கள் சொத்தைக் கொடுத்து வாய்க்கால் வெட்டினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். இவர்களும் தாசிகளாம். பாகூர் பழைய ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கன் 9ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த கல்விச்சாலைக்குக் கிராமங்களைத் தானம் செய்த செப்பேடு கிடைத்திருக்கிறது. மூலநாதர் கோயில் சுவரெல்லாம் சோழர் கல்வெட்டு.

ஏரிக்கரையில் நாற்காலியைப் போட்டோம், அத்தை உட்காரவில்லை. கைத்தடியோடு நடந்துகொண்டே ஒவ்வொன்றாகக் காட்டினார். இது மதகு, இதைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர். அது கலங்கல், ஏரி நிரம்பினால் மிச்சம் அந்த வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கோடையில் ஏரி வற்றினால் வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டுவார்கள், வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம். பாசனக்காரர்கள் சங்கம் வைத்துத் தாங்களே முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு வீட்டுக்கு வீடு பம்புசெட் வந்தது, ஏரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடலோரம் உப்பு நீர் உள்ளே வர ஆரம்பித்தது. 1999ல் ஐரோப்பிய நாடுகளின் உதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளையும் சீர்செய்யும் திட்டம் தொடங்கினார்கள். ஏரியில் தண்ணீர் நின்றால் சுற்றுவட்டாரக் கிணறு ஊறும். நம் குழாயில் வருவதும் அப்படி ஊறியதுதான்!

மதகுக்குக் கீழே ஒரு வரப்பு திரும்பும் இடத்தில் அத்தை நின்றார். தடியால் காட்டி, "அந்தத் துண்டு எங்க அப்பா எனக்குச் சீதனமா குடுத்தது. அரைக் காணி. முதல் மடைத் தண்ணி பாயுற எடம்" என்றார்.

"இப்போ யாருது அத்தை?"

"வித்தாச்சு. வீடு கட்டணும்னு உங்க மாமா கேட்டாரு."

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இந்த விஷயம் அவருக்கும் அன்றுதான் தெரியும். அந்த வீட்டில் அடுப்பங்கரை இருட்டு, கொல்லை சின்னது என்று நான் எத்தனை தடவை அத்தையின் காதுபடவே குறை சொல்லியிருக்கிறேன்! ஒரு நாளாவது வாயைத் திறந்திருப்பாரா?

"கேட்டப்போ வருத்தமா இல்லையா அத்தை?"

"இருந்துது. அதுக்காக? உனக்குப் பசிக்கலியா?" என்றார்.

வேப்பமரத்தடியில் டப்பாக்களைப் பிரித்தோம். அத்தை எலுமிச்சம் சாதம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது என் மகளை வாய்க்காலோரம் அனுப்பி, காலி டப்பா ஒன்றில் வண்டல் அள்ளிவரச் சொன்னார். நான் பேரம் பேசி வாங்கிய புது டப்பா அது, வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

கொல்லையில் கறிவேப்பிலைக் கன்றுக்கு அந்த வண்டலைப் போட்டிருக்கிறார். காலையில் எழுந்ததும் முதலில் அங்கேதான் போகிறார். நேற்று வந்து, "எம்மா, துளிர் விட்டிருக்கு, வந்து பாரு" என்று கூப்பிட்டார். அடுப்பில் பால் இருந்தது. அணைத்துவிட்டுப் போனேன்.