சொல்லும் விலங்கும்

எமது வகுப்பறையில் அண்மையில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்று பல நாட்களாக எம்மை உறுத்திக்கொண்டிருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் வேதனம் பற்றிய பத்திரிகைச் செய்தியொன்றை உயர்தர வகுப்பு மாணவர்க்கு வாசித்துக் காட்டினோம். முடிக்குமுன்பே கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "அது ஃபேக் நியூஸ், சேர்." எந்த வரி பொய் என்று வினவினோம். மாணவன் விழித்தான். "எல்லாப் பேப்பரும் அப்படித்தானே, சேர்" என்றான். வகுப்புச் சிரித்தது. எம்மால் சிரிக்க இயலவில்லை.

இச்சொல்லின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 2016ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தற் காலத்தில், மசிடோனியாவின் வெலெஸ் என்னும் சிறு நகரத்து இளைஞர் சிலர் விளம்பரக் காசுக்காகக் கட்டுக்கதைகளைச் செய்தியென இணையத்திலே பரப்பினர். அத்தகைய புனைவுகளைச் சுட்டவே இப்பெயர் பெருவழக்காயிற்று. ஆனால் 2017 ஜனவரியில், பதவியேற்க இருந்த ட்ரம்ப், கேள்வி கேட்க முயன்ற சீ.என்.என். நிருபர்மீது அதே சொல்லை வீசினார். அடுத்த மாதமே பெரும் செய்தி நிறுவனங்கள் சிலவற்றை மக்களின் எதிரி என்றார். பொய்யனைச் சுட்ட வந்த சொல், கேள்வி கேட்பவனின் வாயை அடைக்கும் சொல்லாயிற்று.

ஜேர்மனியர் இதனை முன்பே கண்டவர்கள். 'பொய்ப் பத்திரிகை' எனப் பொருள்படும் 'லூகன்பிரஸ்ஸ' என்ற சொல் அங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழங்கியது. நாஸிகள் அதனை யூதர்மீதும் இடதுசாரிகள்மீதும் ஏவினர். வசை முதலில் வந்தது. விலங்கு பின்னால் வந்தது. 1933 பெப்ரவரி 28ஆம் திகதி அவசரகாலக் கட்டளையொன்று பத்திரிகைச் சுதந்திரத்தைப் பறித்தது. அன்றே பத்திரிகாசிரியர் கார்ல் வொன் ஒஸியெட்ஸ்கி சிறைப்பட்டார். 1935ஆம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசு பெற்ற அம்மனிதர், 1938இல் காவலின் கீழேயே மாண்டார். அதே சொல்லை 2014இல் திரெஸ்டன் நகரத் தெருக்களில் வெளிநாட்டவரை வெறுக்கும் கூட்டத்தார் மீண்டும் முழங்கினர்.

இந்தியாவில் 2015இல் மத்திய அமைச்சர் வி. கே. சிங், பத்திரிகைத் தொழிலையும் விலைமாதரையும் ஒரே ஆங்கிலச் சொல்லாக ஒட்டி ஊடகத்தாரை ஏசினார். உடலை விற்று உயிர்வாழ நேர்ந்த ஏழைப் பெண்ணையும் இழிவுபடுத்தும் வசை அது.

இவ்விடத்தில் எம்மையும் நாம் நோக்கவேண்டும். 'முதலாளித்துவக் கூலிப் பத்திரிகை' என்று எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறோம்! அம்முழக்கத்தில் உண்மை இருந்தது. பத்திரிகையின் உடைமையாளன் யார், விளம்பரம் தருபவன் யார் என்று கேட்பது நியாயமே. எனினும் நாம் சுலோகத்தோடு நின்றுவிட்டோம். லேக் ஹவுஸ் நிறுவனத்தின் தினகரனுக்கு ஆசிரியராயிருந்தபோது கைலாசபதி முற்போக்கு எழுத்தாளருக்கு இடமளித்தாரென்பதை எமது முழக்கம் மறந்தது. 1973இல், சமசமாஜ, கம்யூனிஸ்ட் கட்சிகள் அங்கம் வகித்த ஐக்கிய முன்னணி அரசாங்கம், சட்டத்தின் மூலம் அந்நிறுவனத்தின் பங்குகளில் 75 வீதத்தை எடுத்துக்கொண்டது. நாம் மகிழ்ந்தோம். பத்திரிகை மக்களுடைய கைக்கு வரவில்லை. ஆட்சிபீடம் ஏறுவோரின் கைக்கே மாறி மாறிப் போயிற்று. எசமான் மாறினான், அவ்வளவே. நாம் விதைத்த அவநம்பிக்கையை இன்று பிற்போக்காளர் அறுவடை செய்கின்றனர் எனில், எமக்கு அதிற் பங்கில்லை என்று சொல்லலாமா?

மறுநாள் அதே செய்தி நறுக்கை அம்மாணவனிடம் கொடுத்தோம். "இதிலே யார் பேசுகிறார்கள்? யார் பேசவில்லை? எண்ணிக்கொண்டு வா" என்றோம். ஒரு பாடவேளை முழுவதும் கோடு கீறிக்கொண்டிருந்தான். பின் எழுந்து சொன்னான்: "மந்திரி கதைக்கிறார், கம்பனிக்காரர் கதைக்கினம். கொழுந்து பறிக்கிற ஒருத்தருமே இதில கதைக்கேல்ல, சேர்."

வகுப்பு இம்முறை சிரிக்கவில்லை. அவனுக்கும் அன்று வசைச்சொல் எதுவும் தேவைப்படவில்லை.