வெள்ளவத்தையில் ஒரு வடக்கு

வழக்குத் தவணைக்காக வடக்கிலிருந்து கொழும்புக்கு வரும் பெண்களுடன் சில வருடங்களாகப் புதுக்கடைக்குப் போய்வருகிறேன். மகனுக்காக, கணவனுக்காக, தம்பிக்காக வருகிறவர்கள் இவர்கள். இரவு தங்குவது பெரும்பாலும் வெள்ளவத்தையில் அல்லது கொட்டாஞ்சேனையில். "வெள்ளவத்தையில நிண்டா ஊரில நிக்கிற மாதிரிக் கிடக்கு, பிள்ளை" என்று அவர்களிற் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எதனால் இப்படித் தோன்றுகிறது?

கண்ணுக்குத் தெரியும் யாழ்ப்பாணம் அங்கே இல்லை. வேலி இல்லை, கிணறு இல்லை, பனை இல்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் அடுக்குமாடிகள்தான் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆனால் கடைகளுக்குள் நுழைந்தால் ஒடியல் மா, பனங்கட்டி, மோர்மிளகாய், வறுத்து இடித்த மிளகாய்த்தூள். பருவத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வரும். (பெயரிலே கொழும்பு இருந்தாலும் அது யாழ்ப்பாணத்துப் பழம்தான்.) கோயில்கள் உண்டு. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது பேச்சு என்பேன். "உது வேண்டாம் அக்கா, இதை எடுங்கோ" என்று கடைக்காரர் சொல்லும்போது, அந்த ஒரு 'உது'வுக்கே களைத்த முகம் இளகிவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. ஒரு நகரம் 'தெற்கத்திய' நகரம் என்பதை அங்கே வரைபடம் தீர்மானிப்பதில்லை. அட்லாண்டாவைவிட எவ்வளவோ தெற்கே இருக்கும் மியாமியைப் பலர் தெற்கத்திய நகராகக் கருதுவதில்லை. இழுத்துப் பேசும் பேச்சு, சோளக்கஞ்சி, இனிப்புத் தேநீர், ஞாயிறு ஆராதனை ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். 1910க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் இனக்கொடுமைக்குத் தப்பியும் வேலை தேடியும் தெற்கிலிருந்து வெளியேறினர். அவர்கள் போய்ச் சேர்ந்த சிக்காகோ வடக்கே இருந்தது. ஆயினும் அதன் சில பகுதிகளில் தெற்கின் சமையலும் ஆராதனையும் வேரூன்றின. வெள்ளவத்தை எமக்கு அப்படியான இடம்.

கொட்டாஞ்சேனை வேறு மாதிரி. யாழ்ப்பாணத்தவர், மலையகத்தவர், கொழும்புச் செட்டிகள், முஸ்லிம்கள், சிங்களவர் என எல்லோரும் கலந்து வாழும் பழைய இடம். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் அருகிலேயே இருக்கின்றன. மன்னாரிலிருந்து வரும் கத்தோலிக்கப் பெண்கள் வெள்ளவத்தையைவிட இங்கேதான் மனம் ஆறுகிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த பின்னரும் அந்தோனியாரிடம் போவதை அவர்கள் விடவில்லை.

ஊர் மாதிரி இருப்பது காவல் ஆகிவிடாது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினர். அவர்களில் 85 பேர் பெண்கள். மறுநாளே அதற்கு இடைக்காலத் தடை வந்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவை ஏற்று அதை வழங்கிய உயர் நீதிமன்றம் இருப்பது புதுக்கடையில்.

எம்மவருக்கு ஊரை எந்த விதத்திலும் நினைவூட்டாத இடம் அந்தப் புதுக்கடை. ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயரால் ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர். சிங்களத்தில் 'அளுத்கடே', அதுவும் புதுக்கடைதான். சுற்றுவட்டாரச் சாப்பாட்டுக் கடைகளில் முஸ்லிம்களின் தமிழ் தாராளமாகக் கேட்கும். நீதிமன்றப் படியேறினால் சிங்களமும் ஆங்கிலமும். அங்கே எமது பெண்கள் மொழிபெயர்ப்பாளரை நம்பியே நிற்க வேண்டியிருக்கிறது.

ஊரில் 'பேசினவர்' என்றால் ஏசினவர் என்று பொருள். ஒரு அலுவலகத்தில் ஒரு அம்மா "அவர் என்னைக் கண்டபடி பேசினவர்" என்று முறையிட்டார். எழுதியவர் அதைச் சிங்களத்தில் 'என்னோடு கதைத்தார்' என்று பதிந்துவிட்டார். கையெழுத்து வைக்குமுன் வாசித்துப் பார்த்ததால் திருத்த முடிந்தது. அதிலிருந்து தவணை நாட்களில் பஸ்ஸிலேயே இந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: "ஏசினவர் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டில் திட்டினவர் எண்டு சொல்லுங்கோ."

"திட்டினவரோ? அது படத்தில சொல்லுறதெல்லோ!" என்று போன தவணையில் ஒருவர் சிரித்தார்.