ஒரு கதை கேளுங்கள்

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த நம் நாட்டுப் படமான 'ஜகாட்' பார்த்தீர்களா? தோட்டங்களை விட்டுப் புறம்போக்கு நிலங்களில் குடியேறிய நம்மவரின் 1990-ஆம் ஆண்டுகளின் கதை அது. பன்னிரண்டு வயது அப்போய்க்குக் கற்பனை மிகுதி. வீட்டிலும் பள்ளியிலும் அதற்குக் கிடைப்பதோ அடி. தன்னைத் தேடும் அந்தப் பிஞ்சு மனத்துக்குக் குண்டர் கும்பலிலுள்ள சித்தப்பாவே நாயகனாகிறார்.

சுங்கைப் பட்டாணிப் பக்கம் தோட்டப் பள்ளியில் கற்பிக்கிறேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன், வரைந்த படத்தைக் கையால் மறைத்தான். "இதற்குக் கதை உண்டா, சொல்லய்யா!" என்றேன். பால்வெட்டுக் கத்தியோடு நிலாவுக்குப் போன தாத்தாவின் கதை! வகுப்பே வாய்பிளந்து கேட்டது.

பெற்றோர்களே, புள்ளிகளைக் கேட்குமுன் பிள்ளையிடம் ஒரு கதை கேளுங்கள். தன்னை அறியப் புறப்படும் குழந்தைக்கு அதுவே கட்டுச்சோறு.