இயல்பே எழில்

குழந்தையின் அழகு அதன் இயக்கத்தில் உள்ளது. தவழ்தல், தளர்நடை இடுதல், மழலை மொழிதல், மணல் அளைதல் ஆகிய செயல்களின் இடையேதான் அவ்வழகு வெளிப்படுகின்றது. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தனர். கை கொட்டுதல், நிலவை அழைத்தல், மணல் வீட்டைச் சிதைத்தல், சிறுபறை முழக்குதல், சிறுதேர் உருட்டுதல் எனக் குழந்தையின் செயல்களையே அப்பருவங்களுள் பலவற்றுக்குப் பொருளாகக் கொண்டனர். 'அசையாமல் நில்' என்னும் பருவம் ஒன்று அவற்றுள் இல்லை.

நிழற்படக் கலையோ அசையாமையில் தொடங்கிற்று. 1839ஆம் ஆண்டில் அக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட காலத்தில், ஓர் உருவம் தகட்டிற் பதிவதற்குச் சில நிமிடங்கள் வரை ஆயின. பின்னரும் நெடுங்காலம் குழந்தையைப் படம் எடுத்தல் அரிய செயலாகவே இருந்தது. தாய் ஒரு துணியால் தன்னை மறைத்துக்கொண்டு, பின்னிருந்து குழந்தையை இறுகப் பிடித்திருப்பதும் மேலைநாடுகளில் உண்டு. 1900ஆம் ஆண்டில் கோடக் நிறுவனத்தார் 'பிரௌனி' என்னும் சிறு படப்பெட்டியை ஒரு டாலர் விலைக்கு விற்கத் தொடங்கிய பின்னர், எளிய இல்லத்தாரும் படம் எடுக்கலாயினர். இன்று ஒரு நொடியின் சிறு கூற்றிலேயே கைப்பேசி படம் பிடித்துவிடுகின்றது. கருவி விரைவு பெற்றது; நம் பழக்கமோ மாறவில்லை. ஓடி ஆடும் சிறுவனைப் பிடித்து நிறுத்தி, 'இங்கே பார், சிரி' என்கிறோம். அவனும் பல்லைக் காட்டுகின்றான். அச்சிரிப்பு அவனுடையதன்று, நாம் இரவல் கொடுத்த சிரிப்பு.

நான் பல்லாண்டு தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். விடுமுறை நாள்களில் மகளும் மருமகனும் பேரக் குழந்தைகளும் வரும்போது, எங்கள் இராமநாதபுரக் கடற்கரையின் பக்கம் ஒரு பொழுதைக் கழித்து வருவோம். அவ்வாறு சென்று வந்ததில் நான் கண்டது இதுவே: குழந்தையை விளையாட்டிலோ வியப்பிலோ ஆழ்த்தும் இடமே நல்ல படம் தரும் இடமாகும். அத்தகைய இடங்களுக்கு இப்பகுதியில் குறைவில்லை.

இங்கே கடல் இரண்டு. வடபால் உள்ளது பாக் நீரிணையைச் சார்ந்த கடல், அலை அடங்கியது. தென்பால் உள்ளது மன்னார் வளைகுடா, அலை மிகுந்தது. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் இவ்வூரார் வழங்குவர். உச்சிப்புளிக்கு அருகில் உள்ள அரியமான் கடற்கரை பெண்கடலின் பக்கத்தது. சவுக்கு மரங்களின் நிழலில் முதியோர் அமர்ந்திருக்க, சிறார் ஈர மணலிற் சிற்றில் இழைப்பர். சங்கப் புலவர் பாடிய நெய்தல் நிலத்து விளையாட்டு இன்றும் அவ்வாறே நடைபெறுகின்றது. மணல் மதில் சரியும்போது ஒரு குழந்தையின் முகத்தில் தோன்றும் திகைப்பையும், அடுத்த நொடியில் எழும் நகைப்பையும் எவரும் சொல்லிக்கொடுத்து வருவித்தல் இயலாது.

வியப்புக்கு உரிய இடம் பாம்பன். 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது இருபாலும் இரு கைகள்போல் உயர்ந்து வழிவிட்டது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அதன்மீது வண்டிகள் செல்வது நின்றது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி அவ்வாறு பிரியாமல், நேர் மேலே எழும்புகின்றது. 1988ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சாலைப் பாலம் அருகிலேயே உள்ளது. அதன்மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது பிறருக்கு இடையூறும் நமக்கு இடரும் ஆகும். கரையில் இறங்கி நின்று காண்பதே முறை. இரயில் கடலின்மேல் ஊர்ந்து வரும்போது, பலரும் இரயிலைப் படம் எடுப்பர். இரயிலைக் காணும் குழந்தையின் கண்களைப் படம் எடுப்பவரே அறிவுடையவர். இரயில் நாளையும் வரும். அந்தக் கண்கள் அவ்வாறு மீண்டும் விரிதல் அரிது.

பொறுமை கற்பிக்கும் இடங்கள் வேறு உள. தொண்டிக்கு அருகில் உள்ள காரங்காட்டில், அலையாத்திக் காடுகளின் இடையே படகில் அழைத்துச் செல்கின்றனர். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய கண்மாய்களில் நீர் நிறைந்த ஆண்டுகளில், மாரிக்காலத்தை ஒட்டிப் பறவைகள் வந்து கருவேல மரங்களிற் கூடு கட்டுகின்றன. இவ்விரு சரணாலயங்களும் 2022ஆம் ஆண்டில் உலக ஈரநிலங்களுக்குரிய ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. பூநாரைகள் வந்து தங்கும் தனுஷ்கோடிப் பகுதியும் 2025ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கெல்லாம் கூச்சலிட்டால் பறவை பறந்துவிடும் என்பதைக் குழந்தை தானே உணர்ந்து, வாயைக் கையாற் பொத்திக்கொண்டு நிற்கும். அந்நிலை ஓவியத்திற்கும் எட்டாதது.

இனித் தனுஷ்கோடியின் செய்தி. 1914 முதல் அத்துறையிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. இரயில் நிலையமும் கோவிலும் தேவாலயமும் கொண்டு விளங்கிய அவ்வூரை, 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் எழுந்த புயல் அழித்தது. பயணிகளோடு வந்த இரயிலும் கடலுக்கு இரையாயிற்று. 2017ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரை புதிய சாலை திறக்கப்பட்டபின், அவ்விடத்தைக் காண்போர் தொகை பெருகியுள்ளது. இடிந்த தேவாலயத்தின் சுவர் அருகே நின்று அவ்வரலாற்றை என் பேத்திக்குக் கூறினேன். அவள் சுவரைத் தடவியவாறே, "தாத்தா, இங்கே இருந்த பிள்ளைகள் எல்லாம் என்ன ஆனார்கள்?" என்று வினவினாள். எனக்கு உடனே விடை கூற நா எழவில்லை. அந்த நொடியில் என் மகள் சற்றுத் தொலைவிலிருந்து, எங்களுக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்தாள். அதில் சிரிப்பு இல்லை. எவரும் படக்கருவியை நோக்கவும் இல்லை. ஆயினும் எங்கள் இல்லத்தில் உள்ள படங்களுள் அதற்கு ஈடு வேறொன்றில்லை. ஒரு சிறுமியின் உள்ளத்தில் பிறர் துயரம் முதன்முதல் நுழைந்த நேரம் அதிற் பதிந்துள்ளது.

அரிச்சல்முனையில் இரு கடலும் கூடுகின்றன. அங்கே நீரோட்டம் வலிது, நீராடுதல் கூடாது. கரையில் நிற்கும் குழந்தையின் கையை ஒருவர் பற்றியிருக்க, மற்றொருவர் படம் எடுத்தல் வேண்டும். கைப்பேசியின் சிறு திரையிற் கண் புதைத்தவர் அலையையும் காணார். அலையை நோக்கி ஓடும் குழந்தையையும் காணார். குழந்தையை இமை கொட்டாது பார்த்திருப்பவருக்கே அதனைக் காக்கவும் இயலும். அதன் இயல்பு மலரும் நொடியை அறியவும் இயலும். காவலும் கலையும் ஒரே கண்ணின் தொழில்கள்.

வேறு சில நெறிகளும் உண்டு. காலை இளவெயிலும் மாலை மஞ்சள் வெயிலும் படத்திற்கு ஏற்றவை. உச்சிப்பொழுதில் வெண்மணல் கண்ணைக் கூசச் செய்யும். குழந்தையின் உயரத்திற்குக் குனிந்து எடுத்தால், அது காணும் உலகம் படத்தில் அமையும். கரைவலை இழுக்கும் மீனவர் தம் பிழைப்பை நடத்துகின்றனர். அவரைப் படம் எடுக்குமுன் இசைவு பெறுதல் பண்பாகும். இராமேசுவரம் திருக்கோவிலின் உள்ளே படம் எடுத்தற்கு இடமில்லை. ஆங்கே தூண்கள் நிரைநிரையாக நிற்கும் நெடிய பிராகாரத்தைக் குழந்தைகள் கண்ணாலேயே பதிந்துகொள்ளட்டும். கரையில் கிடக்கும் பவளப்பாறையை எடுத்து வருதல் சட்டத்திற்கு மாறு. எடுத்த படத்தை அயலார் பலரும் காணுமாறு பரப்புவதிலும் அடக்கம் வேண்டும்; அது குழந்தைக்கு உரிய பொருள் அன்றோ?

பிள்ளைப் பருவம் திரும்பி வருவதில்லை. ஊரும் சில வேளை திரும்பி வருவதில்லை என்பதற்குத் தனுஷ்கோடி சான்று. ஆதலின் பெற்றோர் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்க; ஓடவும் வினவவும் வியக்கவும் விடுக; அருகிருந்து காக்க. படம் எடுக்கும் பொழுது சிறிதாகவும், பார்த்து மகிழும் பொழுது பெரிதாகவும் இருத்தல் வேண்டும். அவ்வாறு கிடைக்கும் படம் ஒன்றே ஆயினும், பின்னாளில் அக்குழந்தை வளர்ந்து அதனைக் காணும்போது, தன் இளமையை மட்டுமன்றித் தன்னை அன்போடு பார்த்திருந்த கண்களையும் அதிற் காணும்.